19 வயது மகனுக்காக அப்பா கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: குடும்பமாகக் கப்பல் சுற்றுலா போகலாம் என்று ஏழு இரவுப் பயணத்துக்கு இரண்டு கேபின் முன்பதிவு செய்தேன். ஒன்றில் நானும் மனைவியும், மற்றொன்றில் 19 வயது மகனும் 16 வயது மகளும். நால்வரின் பிறந்த தேதியையும் அப்போதே கொடுத்துவிட்டேன், முன்பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு மாதம் கழித்து, "ஒவ்வொரு கேபினிலும் 21 வயது நிரம்பிய ஒருவர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் முன்பதிவு ரத்து, முன்பணம் திரும்பாது" என்று கடிதம் வருகிறது. பயண ஏஜென்ட், "காகிதத்தில் கேபினுக்கு ஒரு பெற்றோர் என்று மாற்றிவிடுவோம், கப்பலில் ஏறியபின் உங்கள் இஷ்டம்" என்கிறார். கூடவே, மகன் செய்வது அனைத்துக்கும் நானே பொறுப்பு என்று ஓர் உறுதிமொழிப் படிவத்தையும் நீட்டுகிறார். மகனோ, "நான் மேஜர், எனக்காக யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்" என்று முறுக்கிக்கொண்டிருக்கிறான். என்ன செய்வது?

பதில்: உங்கள் மகன் சொல்வது சட்டப்படி சரி. கம்பெனி சொல்வது ஒப்பந்தப்படி சரியாக இருக்கலாம். ஏஜென்ட் சொல்வதைத்தான் நான் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

பெரும்பாலான நாடுகளில் 18 வயது நிரம்பியவர் மேஜர். ஒப்பந்தம் செய்யலாம், வழக்குப் போடலாம், அவர்மீதும் வழக்குப் போடலாம். ஆனால் கப்பல் கம்பெனிக்கு அந்த எல்லைக்கோட்டை ஏற்றே ஆகவேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. தன் கேபினைத் தனியாக யாருக்குக் கொடுப்பது, மதுக்கூடத்தில் யாருக்கு ஊற்றுவது என்பதற்கெல்லாம் அது தன் விதியை எழுதிக்கொள்கிறது. அந்த விதியும் பல இடங்களில் புறப்படும் துறைமுகத்தைப் பார்த்து மாறுகிறது. ராயல் கரீபியன் கப்பல்களில் வட அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் குறைந்தபட்ச வயது 21. ஐரோப்பா, ஆசியா, ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பினால் 18. உங்கள் கப்பல் எங்கிருந்து புறப்படுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் அதைப் பாருங்கள். 18 என்று விதியுள்ள பயணத்துக்கு யாரோ ஓர் அலுவலர் வேறு பயணத்தின் விதியைப் படித்துக் கடிதம் அனுப்பியிருக்கவும் இடமுண்டு. இப்படி நடப்பது அரிதல்ல.

21தான் விதி என்றே வைத்துக்கொள்வோம். அதிலும் விலக்கு இருக்கிறது. பெற்றோரின் கேபினுக்கு அடுத்த கேபின், அல்லது நடுவில் கதவுள்ள இணைப்புக் கேபின் என்றால் 21க்குக் கீழ் உள்ள பிள்ளைகளைத் தனியாகத் தங்க விடும் கம்பெனிகள் பல. எனவே பணத்தைத் திருப்பிக் கேட்டு நோட்டீஸ் அனுப்புவதற்கு முன், கூடுதல் கட்டணமின்றி அடுத்தடுத்த கேபின்களாக மாற்றித் தாருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனிக்கும் இது செலவு குறைந்த வழி.

மறுத்தால்தான் முன்பணத்தைப் பற்றிப் பேசவேண்டும். இங்கே முக்கியமான கேள்வி ஒன்றே: அந்த 21 வயது விதி, நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் கண்ணில் படும்படி வைக்கப்பட்டதா? பிறந்த தேதி நான்கையும் வாங்கிக்கொண்டு, அந்தக் கேபினை உங்களுக்கு விற்று, பணத்தையும் பெற்றுக்கொண்டபின் "விதி இருக்கிறது" என்பது எனக்கு நல்ல வாதமாகத் தெரியவில்லை. ஆனால் நீதிமன்றங்கள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. 1986இல் நியூசிலாந்துக் கரையோரம் மூழ்கிய மிகைல் லெர்மந்தோவ் என்ற சோவியத் பயணக் கப்பலின் வழக்கில், முன்பதிவு முடிந்தபின் டிக்கெட்டோடு வந்து சேர்ந்த நிபந்தனைகள் பயணியைக் கட்டுப்படுத்தாது என்ற வாதத்தை ஆஸ்திரேலிய நீதிமன்றம் ஏற்றது. வழக்கு அந்நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் வரை போனது. மகிழ்ச்சிக்காகவே வாங்கிய பயணம் என்பதால் ஏமாற்றத்துக்கும் இழப்பீடு உண்டு என்று 1993இல் தீர்ப்பானது. இதற்கு நேர்மாறாக, 1991இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கார்னிவல் கம்பெனியின் டிக்கெட்டில் அச்சிட்டிருந்த "வழக்கு என்றால் புளோரிடாவில்தான்" என்ற நிபந்தனை செல்லும் என்றது. வழக்குத் தொடுத்த தம்பதி நாட்டின் மறுகோடியில், வாஷிங்டன் மாநிலத்தில் வசித்தவர்கள். மெக்சிகோவை ஒட்டிய கடலில் கப்பலின் சமையலறையைச் சுற்றிப் பார்க்கும்போது அந்த அம்மாள் வழுக்கி விழுந்திருந்தார். எழுத்து எவ்வளவு சிறியது என்ற கேள்விக்குள் அந்த நீதிமன்றம் போகவில்லை.

ஆகவே உங்கள் ஒப்பந்தத்தில் "ஆளும் சட்டம்" (எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும்), "வழக்காடும் இடம்" (எந்த ஊர் நீதிமன்றம்) என்ற இரண்டு பத்திகளைத் தேடிப் படியுங்கள். கப்பலின் நீச்சல் குளத்தைப் பற்றிய விளம்பரத்தை நான்கு முறை படித்திருப்பீர்கள். இந்த இரண்டு பத்திக்கு ஐந்து நிமிடம் போதும். பதிவு செய்த அன்று வந்த மின்னஞ்சல், ரசீது, எந்தப் பக்கத்தில் எந்தப் பெட்டியை டிக் செய்தீர்கள் என்பதற்கான படம், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். பயணம் முழுப் பொதியாக, அதாவது பேக்கேஜாக, ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கப்பட்டதென்றால் 2015ஆம் ஆண்டின் பொதிப் பயண நெறிமுறை உங்களுக்கு உதவும். பயணத்துக்குக் குறைந்தது ஏழு நாள் முன்பு சொன்னால், உங்கள் இடத்தை வேறு ஒருவருக்கு மாற்றித் தரும் உரிமையும் அதில் உண்டு.

இனி ஏஜென்ட் காட்டும் குறுக்கு வழி. கேபினுக்கு ஒரு பெற்றோர் என்று பதிவை மாற்றுவது பொய்யல்ல. ஏறிய பிறகு குடும்பத்துக்குள் படுக்கையை மாற்றிக்கொள்வதைப் பல கப்பல்களில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. வரவேற்பு மேசையில் மாற்றுச் சாவி அட்டை தரும் கப்பல்களும் உண்டு. அப்படியானால் அதை ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்லக் கூடாது, கம்பெனியிடமிருந்து ஒரு வரி எழுதி வாங்கித் தரட்டும். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஆபத்து நேரத்தில் நீங்கள் எங்கே கூடவேண்டும் என்பது பொதுவாகக் கேபினை வைத்தே ஒதுக்கப்படுகிறது. பட்டியலில் மகள் ஒரு தளத்திலும் உண்மையில் வேறொரு தளத்திலும் இருந்தால், கணக்கெடுப்பவர் தவறான கதவைத் தட்டிக்கொண்டிருப்பார். 2012இல் இத்தாலியக் கரையில் கோஸ்டா கான்கோர்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தபோது, அன்றைக்கு ஏறிய பயணிகளுக்கு அவசரகாலப் பயிற்சி இன்னும் நடக்கவில்லை. அதன் பிறகுதான், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி நடந்தே தீரவேண்டும் என்று சர்வதேச விதி 2015 முதல் மாறியது. படுக்கையை மாற்றினால், மாறிய இடத்துக்கான கூடுமிடத்தைப் பிள்ளைகள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்து அந்த உறுதிமொழிப் படிவம். இதில்தான் நீங்கள் அதிகம் இழக்கக்கூடும். மேஜரான மகன் ஒருவரை அடித்தாலோ ஒரு பொருளை உடைத்தாலோ, அதற்குத் தந்தை பொறுப்பு என்று பொதுவாக எந்தச் சட்டமும் சொல்வதில்லை. நீங்கள் போடும் கையெழுத்துதான் அந்தப் பொறுப்பைப் புதிதாக உண்டாக்குகிறது. மகளின் நிலை வேறு. தன்னாலும் தன்னுடன் வரும் மைனராலும் ஏற்படும் சேதத்துக்குப் பயணியே ஈடு செய்யவேண்டும் என்று பயண ஒப்பந்தங்களில் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதியிருக்கும். மகனுக்காகத் தனிப் படிவம் கேட்கிறார்கள் என்றாலே, அது இல்லாமல் உங்களைப் பிடிக்க வழியில்லை என்றுதான் அர்த்தம்.

படிவத்தில் "மேற்பார்வை" என்று மட்டும் இருந்தால் கையெழுத்திடலாம். "அபராதம், நாடு திரும்பும் செலவு, மூன்றாம் நபர் கோரிக்கை அனைத்தையும் ஈடு செய்வேன்" என்று இருந்தால், அந்த வரியை அடித்துவிட்டு, "கப்பல் கணக்கில் மகன் செலவிடும் தொகை, இவ்வளவு வரை மட்டும்" என்று ஓர் எண்ணை எழுதிக் கையெழுத்திடுங்கள். ஏற்க மாட்டோம் என்றால், ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெற்றோர் இருப்பதே மலிவு. மகன் ஒரு வாரம் அப்பாவின் குறட்டையைக் கேட்பது பெரிய விலையல்ல.

எண் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. கப்பலில் ரொக்கம் அநேகமாகக் கைமாறாது; ஆளுக்கொரு அட்டை, எல்லாம் ஒரே கணக்கில், அந்தக் கணக்கின் முனையில் உங்கள் கிரெடிட் கார்டு. சூதாட்டக்கூடத்தில் 18 வயதே போதும், மதுவுக்குத்தான் 21 என்று வைத்திருக்கும் கப்பல்களும் இருக்கின்றன. அதாவது உங்கள் மகன் ஒரு குவளை பீர் வாங்க முடியாத இடத்தில் ஒரு மாதச் சம்பளத்தைத் தோற்க முடியும். ஏறிய முதல் நாளே வரவேற்பு மேசையில் அவர் அட்டைக்கு உச்சவரம்பு வைத்து, வைத்ததற்கான தாளை வாங்கிக்கொள்ளுங்கள். அல்லது அவர் தன் கார்டையே கொடுக்கட்டும். மேஜர் என்று சொல்பவருக்கு அது பொருத்தமாகவும் இருக்கும். 21 விதியுள்ள கப்பலில் நீங்கள் வாங்கிய கோப்பையை அவர் கையில் கொடுத்தால் அது ஒப்பந்த மீறல். அடுத்த துறைமுகத்தில் குடும்பத்தையே இறக்கிவிடும் அதிகாரத்தைக் கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன, ஊர் திரும்பும் செலவும் உங்களுடையது.

போதைப்பொருள் பற்றி ஒரு வார்த்தை. இறங்கிய ஊரில் கஞ்சா அனுமதிக்கப்பட்டிருந்தாலும் அதைக் கப்பலுக்குள் கொண்டுவரக் கூடாது. ஆழ்கடலில் கப்பலின் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டின் சட்டம். துறைமுகத்தில் அந்த நாட்டின் சட்டம். கொடி பஹாமாஸ், பனாமா, மால்டா என்று எதுவாகவும் இருக்கும். கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் கடந்துபோகும் கப்பலில், சாதாரணமாகக் கரைநாட்டுப் போலீஸ் தலையிடாது. போதைப்பொருள் கடத்தல் அதற்கு விதிவிலக்கு என்று 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையே சொல்கிறது.

மருத்துவ விஷயத்தில் என் கட்சிக்காரர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். இருபது வயது மகளுக்குக் கப்பலில் கடும் வயிற்றுவலி. மருத்துவ அறைக் கதவு தாயின் முகத்துக்கு நேரே மூடியது. "அவர் மேஜர். சொல்ல விரும்பினால் அவரே சொல்வார்" என்றார் நர்ஸ். தாய் வெளியே நின்றிருந்த அந்த ஒரு மணி நேரத்தில் தந்தையின் கணக்கில் பில் ஏறிவிட்டது. தகவல் பிள்ளைக்கு, பில் பெற்றோருக்கு. சட்டப்படி இரண்டிலும் தவறில்லை. இதைத் தவிர்க்க, தன் மருத்துவ விவரங்களைப் பெற்றோரிடம் சொல்லலாம், தான் நினைவிழந்தால் அவர்கள் முடிவெடுக்கலாம் என்று உங்கள் மகன் கிளம்புவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு ஒரு பிரதியை உங்களிடம் தரவேண்டும். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும், உங்களுடையதல்ல. இன்சூரன்ஸையும் பாருங்கள். குடும்ப பாலிசியில் "பிள்ளை" என்பதற்கு வயது வரம்போ, முழுநேர மாணவர் என்ற நிபந்தனையோ இருக்கும். 19 வயதுக்காரர் அதில் விழுகிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்கு மாற்றும் செலவு அடங்குமா என்றும் கேளுங்கள்.

காலக்கெடு விஷயத்தில்தான் மகனுக்கும் மகளுக்கும் உள்ள இடைவெளி பளிச்சென்று தெரியும். அமெரிக்கத் துறைமுகத்தைத் தொடும் கப்பல்களின் ஒப்பந்தங்களில், காயம் பட்டால் ஆறு மாதத்துக்குள் நோட்டீஸ், ஓர் ஆண்டுக்குள் வழக்கு என்றிருக்கும். அதற்குக் குறைக்கக் கூடாது என்பது அங்குள்ள சட்டம், கம்பெனிகள் அந்தக் குறைந்த அளவிலேயே நின்றுகொள்கின்றன. கடல் பயணிகளுக்குக் கப்பல் கம்பெனியின் பொறுப்பை வகுக்கும் ஏதென்ஸ் உடன்படிக்கை பொருந்தும் பயணங்களில் பொதுவாக இரண்டு ஆண்டு. இருவருமே ஒரே படிக்கட்டில் வழுக்கி விழுந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கச் சட்டப்படி மகளுக்கு, மைனர் என்பதால், சட்டப் பிரதிநிதி நியமிக்கப்படும் வரையோ மூன்று ஆண்டு முடியும் வரையோ, எது முந்துகிறதோ அதுவரை ஒப்பந்தத்தின் கெடு ஓடாது. மகனுக்கு விழுந்த நாளிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். அவர் சார்பில் நீங்கள் நோட்டீஸ் அனுப்பினால், "நீங்கள் யார்?" என்று கேட்க அவர்களுக்கு இடம் கொடுக்கிறீர்கள்.

கரையில் இறங்கிப் போகும் சாகச விளையாட்டுகளுக்கும் இதே கணக்கு. "ஆபத்தை ஏற்கிறேன்" என்ற படிவத்தில் மகன் தனக்குத் தானே கையெழுத்திட வேண்டும். தங்கைக்காக அண்ணன் போடக் கூடாது, அது உங்கள் வேலை. இணையத்தில் செக்-இன் செய்யும்போது நால்வருக்கும் சேர்த்து நீங்களே டிக் அடித்துவிடாதீர்கள். மகன் தன் பெயரில் உள்நுழைந்து, ஒப்பந்தத்தைத் திறந்து, தன் விரலால் ஒப்புக்கொள்ளட்டும்.

இப்போது செய்யவேண்டியது ஒரே கடிதம். பதிவு எண், நால்வரின் வயது, முன்பணம் கட்டிய தேதி, அன்று வயது விதி காட்டப்படவில்லை என்ற ஒரு வரி, அடுத்தடுத்த கேபின் வேண்டும் என்ற கோரிக்கை, பதிலுக்கு 14 நாள். நீங்களும் மகனும் இருவருமே கையெழுத்திடுங்கள். மீதிப் பணம் கட்டும் கடைசித் தேதியைத் தவறவிட்டால் ரத்துக்கான காரணத்தை நீங்களே அவர்கள் கையில் கொடுத்ததாகிவிடும். அதற்குள் பதில் வராவிட்டால், "என் ஆட்சேபத்துக்குட்பட்டு" என்று எழுதிவிட்டுக் கட்டுங்கள்.