இசை கேள்வி-பதில்: லொரெட்டா லின்

கேள்வி: அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிறந்த கன்ட்ரி இசையில் பாடகி டாலி பார்ட்டனை மட்டுமே கேட்டிருக்கிறேன். அடுத்து யாரைக் கேட்கலாம்?

லொரெட்டா லின். எனக்கு இதில் இரண்டாவது எண்ணமே கிடையாது. 1932-ல் கென்டக்கி மலைகளுக்குள், புட்சர் ஹாலோ என்ற இடத்தில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவது. அப்பா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (சுரங்கத் தொழிலாளியின் மகள்) பாட்டிலிருந்து தொடங்குங்கள். இரவெல்லாம் சுரங்கம், பகலில் சோளக்காடு என்று உழைத்த அப்பா, துணி துவைத்துத் துவைத்து விரலில் ரத்தம் கசிந்த அம்மா, எல்லாம் அதில் உண்டு. அழுகை மட்டும் துளியும் இல்லை. அந்த வறுமையைத் தலை நிமிர்ந்து பாடுகிறார். இன்னும் நீளமாக எழுதியிருந்தார். தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதால் சில சரணங்களை வெட்ட வேண்டியதாயிற்று. 1970-ல் பாட்டு வெளிவந்தபோது கேட்க அப்பா உயிரோடு இல்லை. மகளின் முதல் இசைத்தட்டு வருவதற்கு முந்தைய ஆண்டே, 1959-ல், போய்விட்டார்.

கேள்வி: முறையாக இசை கற்காதவர் எப்படிப் பாடகியானார்?

பதினைந்து வயதில் கல்யாணம். கணவர் ஆலிவர் லின். 'டூலிட்டில்' என்று கூப்பிடுவார்கள். பிழைப்புக்காக இருவரும் வாஷிங்டன் மாநிலத்தின் வடகோடியில் உள்ள கஸ்டர் என்ற ஊருக்குப் போனார்கள். இருபது வயதுக்குள் நான்கு பிள்ளைகள். வேலை செய்தபடியே மனைவி பாடுவதைக் கேட்ட கணவர், 17 டாலருக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். அதைத் தானே தட்டிப் பழகினார் லொரெட்டா. 1960-ல் 'ஹாங்கி டாங்க் கேர்ள்' இசைத்தட்டு வந்தது. வெளியிட்டது மிகச் சிறிய நிறுவனம். விளம்பரத்துக்குப் பணம் இல்லை. தம்பதி காரில் கிளம்பி, வழியில் தென்பட்ட வானொலி நிலையங்களில் எல்லாம் இறங்கி, "இதை ஒருமுறை போடுங்கள்" என்று கேட்டார்கள். எந்தப் பாட்டு எவ்வளவு பிரபலம் என்று வரிசைப்படுத்தும் பில்போர்டு இதழின் கன்ட்ரி பட்டியலில் 14-வது இடம் கிடைத்தது. அதே ஆண்டு நாஷ்வில் நகரின் புகழ்பெற்ற கன்ட்ரி இசை நிகழ்ச்சியான 'கிராண்ட் ஓல் ஆப்ரி' மேடையும் கிடைத்தது. அந்தக் கார்ப் பயணத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கேள்வி: அவர் பாட்டை வானொலிகள் ஒலிபரப்ப மறுத்தது உண்மையா?

உண்மைதான். கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்'. 1972-ல் பதிவு செய்த பாட்டை நிறுவனம் 1975 வரை வெளியிடாமல் வைத்திருந்தது. வந்த பிறகும் பல நிலையங்கள் தொடவில்லை. ஆனாலும் கன்ட்ரி பட்டியலில் 5-வது இடம் வரை ஏறியது. பாடியவர் ஆறு பிள்ளைகளைப் பெற்றவர் என்பதை மறக்காதீர்கள். வருடா வருடம் பிள்ளை பெற்ற களைப்பு அவருக்குக் கேள்விப்பட்ட சங்கதி அல்ல. சமையலறையில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை அவர் ஒலிபெருக்கியில் பேசினார். அதுதான் பலரையும் பதற வைத்தது.

கேள்வி: கணவர் குடிகாரர், பிற பெண்களோடு தொடர்பும் உண்டு என்கிறார்களே. ஏன் பிரியவில்லை?

லொரெட்டாவே அதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். 1996-ல் கணவர் இறக்கும்வரை சேர்ந்தே வாழ்ந்தார். கணவரின் உந்துதல் இல்லாமல் தனக்கு இசை வாழ்க்கையே இல்லை என்றும் சொன்னார். அது நியாயமா என்று தீர்ப்பு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் வாய்மூடி இருந்ததாக எண்ண வேண்டாம். கன்ட்ரி பட்டியலில் அவருக்கு முதலிடம் வாங்கித் தந்த முதல் பாட்டே, குடித்துவிட்டு ஆசையோடு வீட்டுக்கு வராதே என்று கணவனிடம் சொல்லும் பாட்டுதான்.

கேள்வி: முதுமையில் பாடியது ஏதாவது கேட்கத் தகுந்ததா?

கட்டாயம். 2004-ல், 72 வயதில், ராக் கலைஞர் ஜாக் ஒயிட்டோடு சேர்ந்து 'வேன் லியர் ரோஸ்' தொகுப்பைக் கொடுத்தார். இரண்டு கிராமி விருதுகள் வந்தன. 2022-ல் 90 வயதில் மறைந்தார். அந்தத் தொகுப்பில் 'போர்ட்லாண்ட் ஓரிகன்' கேளுங்கள். கிதார் வெகுநேரம் தனியாகவே ஓடும். தாண்டிப் போய்விடாதீர்கள், குரல் அதற்குப் பிறகுதான் வரும்.