குழந்தைகள் குறைந்தும் நிலம் சிறுத்துக்கொண்டே போவது ஏன்?

இதில் முரண்பாடு இல்லை. ஒரு தலைமுறைக் கால இடைவெளிதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் குறைந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் சராசரிப் பண்ணை அளவு ஏன் சுருங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நிலம் பெரும்பாலும் பிரிவது பெற்றோர் கண்மூடிய பிறகு. இன்று பாகம் பிரிப்பவர்கள் 1960, 70-களில் நாலைந்து பேராகப் பிறந்தவர்கள். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1989 திருத்தம் மகள்களுக்கும் குடும்பச் சொத்தில் பங்கு தந்தது, அப்போது திருமணமாகியிருந்தவர்கள் நீங்கலாக. எத்தனை வீடுகளில் அவர்களிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.

ஆனால் பாகப்பிரிவினை மட்டுமே காரணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். வேளாண் கணக்கெடுப்பில் சராசரியை விட்டுவிட்டு, பண்ணைகளின் எண்ணிக்கையையும் மொத்தப் பரப்பையும் தனித்தனியே பாருங்கள். 2010-11இல் சுமார் 81 லட்சம் பண்ணைகள், 65 லட்சம் ஹெக்டேர். 2015-16இல் சுமார் 79 லட்சம் பண்ணைகள், 60 லட்சம் ஹெக்டேர். சராசரி 0.80இலிருந்து 0.75 ஆனது, எண்ணிக்கையோ கூடவே இல்லை! எண்ணிக்கையும் குறைந்தது, பரப்புதான் அதைவிட வேகமாகக் குறைந்தது. பிள்ளைகள் நகரத்துக்குப் போய் நிலம் தரிசானதும் வீட்டுமனையானதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். உங்கள் மாவட்டத்துக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை: இந்தக் கணக்கெடுப்பு எண்ணுவது சாகுபடி அலகை, பட்டாவை அல்ல. தனித்தனிப் பட்டா வைத்திருக்கும் அண்ணன் தம்பிகள் சேர்ந்து உழுதால் அது ஒரே பண்ணை. வாய்மொழிக் குத்தகை பல நேரம் பதிவாவதே இல்லை.