மூர் நகர மக்கள் சுழல்காற்றின் அச்சத்தோடு எப்படி வாழ்கிறார்கள்?

டொர்னாடோ எனப்படும் சுழல்காற்று திரும்பத் திரும்பத் தாக்கும் ஊரில் மக்கள் எந்தத் துணிவில் தங்கியிருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்திலுள்ள மூர் நகரை 1999 மே 3 அன்றும் 2013 மே 20 அன்றும் மிகக் கடுமையான டொர்னாடோக்கள் தாக்கின. இரண்டாவதில் இறந்த 24 பேரில் 7 பேர் ஒரே தொடக்கப் பள்ளியின் குழந்தைகள்.

கடற்புயலைப் போல நாட்கணக்கில் அவகாசம் கிடைக்காது, பெரும்பாலும் சில நிமிடங்களே கிடைக்கும் என்பதால், அங்கே துணிவு என்பது முன்னேற்பாடுதான். பல வீடுகளில் கார் நிறுத்துமிடத்தின் தரைக்கடியில் இரும்புப் பெட்டி போன்ற பதுங்கறை புதைக்கப்பட்டிருக்கும். அதற்குள் தண்ணீர், டார்ச், தலைக்கவசம் ஆகியவற்றுடன் காலணியும் இருக்க வேண்டும். வெளியே வரும்போது தரையெங்கும் ஆணியும் கண்ணாடிச் சில்லுமே கிடக்கும். இடிபாடு விழுந்து மூடி திறக்காமல் போனாலும் மீட்புக் குழுவினர் தேடி வருவதற்காகப் பதுங்கறையின் இருப்பிடத்தை நகராட்சியில் பதிவுசெய்து வைக்கிறார்கள். 2014இல் புதிய வீடுகள் மணிக்கு சுமார் 217 கிலோமீட்டர் வேகக் காற்றைத் தாங்க வேண்டும் என்று நகராட்சி விதி வகுத்தது.

மனக்காயத்துக்கு இப்படி விதி வகுக்க முடியாது. வானம் கறுத்தாலே நடுங்கும் குழந்தையிடம் "ஒன்றும் ஆகாது" என்று சொல்வதைவிட, பதுங்கறைக்குள் இறங்கி ஏறப் பழக்குவதே மேல் என்பது என் கருத்து.