பழைய ஷாட்கன்னின் கட்டை கன்னத்தில் சரியாகப் படியாவிட்டால்

முதலாம் உலகப் போருக்கு முந்தைய அமெரிக்க இரட்டைக்குழல் ஷாட்கன் (பல சிறு குண்டுகளை ஒரே நேரத்தில் சுடும் துப்பாக்கி) குறிக்குக் கீழே சுடுவதால், தோளில் ஊன்றும் அதன் மரக்கட்டையை வெட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வெட்ட வேண்டாம். நூறாண்டு கண்ட அக்ரூட் மரம் மீண்டும் கிடைக்காது. அக்காலக் கட்டைகளின் பின்முனை குழல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3 அங்குலம் தாழ்ந்திருப்பது வழக்கம். ஷாட்கன்னுக்குச் சுடுபவரின் கண்ணே பின்குறி (குறிபார்க்க உதவும் பின்பக்க அடையாளம்) என்பதால், கன்னம் தாழ்ந்தால் குண்டுகள் விழும் இடமும் தாழும். முதலில் கன்னம் படியும் மேல்விளிம்பில் மெல்லிய அட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, 16 கஜத் தொலைவிலுள்ள தாளில் சுட்டுப் பாருங்கள். 1/16 அங்குலம் உயர்த்தினால், குண்டுகள் விழும் இடம் ஏறத்தாழ 1 அங்குலம் உயரும். அளவு உறுதியானபின், தேர்ந்த துப்பாக்கிக் கைவினைஞர் கட்டையின் கழுத்தை, அதாவது கையால் பிடிக்கும் ஒடுங்கிய பகுதியை, சூடான ஆளிவிதை எண்ணெயால் இளக்கி வளைத்துத் தருவார். கழுத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் வளைக்க விடாதீர்கள்.