பலவகைப் பண்பாட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்புக்கு, வருங்கால ஆசிரியரைச் சமூகத்தின் துணையோடு எப்படித் தயார் செய்வது?

‘பன்முகப் பண்பாடு’ என்று ஒரு தாள் வைத்துத் தேர்வு நடத்தினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. பிள்ளைகளின் வீட்டு வாசலை மிதிக்க வேண்டும்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், டூசான் நகரில் இது நடந்தது. லூயிஸ் மோல், நோர்மா கொன்சாலெஸ் முதலிய ஆய்வாளர்கள் பள்ளி ஆசிரியர்களுடன் சேர்ந்து 1992இல் எழுதிய கட்டுரை இன்றும் ஆசிரியர் கல்வியில் பேசப்படுகிறது. மெக்சிக வழித் தொழிலாளர் குடும்பங்களுக்கு ஆசிரியர்கள் சென்றார்கள். புகார் சொல்ல அல்ல, கற்றுக்கொள்ள. விவசாயம், சுரங்கம், கட்டட வேலை, மூலிகை வைத்தியம், கடன் கணக்கு என்று அந்த வீடுகளில் அறிவு கொட்டிக் கிடந்தது.

ஒரு வீட்டில், பையன் மெக்சிகோ மிட்டாய்களை அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு விற்பதை ஆசிரியை கவனித்தார். அதுவே பாடமாயிற்று. பிள்ளைகள் இரு நாட்டு மிட்டாய்களில் என்னென்ன சேர்கிறது என்று ஒப்பிட்டார்கள். ஒரு தாய் வகுப்புக்கே வந்து ‘பிப்பித்தோரியா’ என்ற மிட்டாய் செய்யக் கற்றுக்கொடுத்தார். அன்று அவர்தான் ஆசிரியர்.

பயிற்சி மாணவர்களுக்கும் இதே வழிதான். குறிப்பேடும் கேள்விகளும் கொடுத்து, ஒரே குடும்பத்திடம் பலமுறை அனுப்புங்கள். திரும்பியதும் சேர்ந்து உட்கார்ந்து பேசவையுங்கள். இந்தப் பேச்சை விட்டுவிட்டால், “பாவம், ஏழைகள்” என்ற பழைய எண்ணத்தோடே பலர் திரும்புவார்கள். திருவிழா உடையும் பலகாரமும்தான் பண்பாடு என்று நினைப்பது அதற்கடுத்த பள்ளம். பெற்றோரின் நேரத்துக்கு உரிய மதிப்பூதியத்தையும் செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள்.