மாசி மாதத்து மிருதங்கம்

வணக்கம் அண்ணா,

நாங்கள் நாலு பேர். வயலின், மிருதங்கம், அக்கூஸ்ரிக் கிற்றார், கீபோட். பெப்ரவரி நடுவில் ஒன்பது நாளுக்கு ஒரு சின்னச் சுற்று போடுகிறோம்: கிங்ஸ்ரன், ஒட்டாவா, மொன்றியலில் இரண்டு, கடைசியாகக் கியூபெக் நகரம். இரண்டு இடத்தில் வாசல் வசூலில் பங்கு, இரண்டு இடத்தில் சிறு தொகை, மொன்றியல் சமூக மண்டபத்தில் சாப்பாடு மட்டும். மினிவான் ஒன்றை வாடகைக்கு எடுக்கிறோம். போன மார்கழியில் ஒரு மண்டபத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மிருதங்கத்தின் சுருதி அரைக் கட்டை ஏறிவிட்டது. அடுத்த நாள் பெட்டியைத் திறந்தால் வயலினில் தந்தி முறுக்கும் பிரடைகள் கழன்று தந்திகள் தொங்கின. மிருதங்கத்துக்குக் கம்பளி சுற்றலாமா? இரவில் வாத்தியங்களை வானிலேயே விடலாமா? எதில் காசை மிச்சம் பிடிக்கலாம்? என் பெயரைப் போட வேண்டாம்.

ஒரு வாசகர், ஸ்காபரோ

அன்புள்ள தம்பி,

கம்பளி வேண்டாம். உடம்பு தானே சூட்டை உண்டாக்கும், கம்பளி அதைப் பிடித்துவைக்கும். மிருதங்கத்திடம் பிடித்துவைக்கச் சூடு ஏது? குளிர்வதைக் கொஞ்சம் தாமதப்படுத்தலாம், அவ்வளவுதான். தவிர, உங்கள் சுருதியை ஏற்றியது வெளியே இருந்த குளிர் இல்லை, மண்டபத்தின் ஹீற்றர்.

கணக்கு இது. மைனஸ் 20 பாகையில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1 கிராம் நீராவிதான் தாங்கும். அந்தக் காற்றை உள்ளே இழுத்து 22 பாகைக்குச் சூடாக்கினால் அதற்கு 19 கிராம் வரை தாங்கும் வலு வருகிறது, ஆனால் கையில் இருப்பது அந்த ஒரு கிராம். ஈரப்பதம் 5 சதவீதம் என்றாகிறது. சனங்களின் மூச்சும் ஈரச் சப்பாத்துகளும் சேர்ந்து அதை 15, 20க்குக் கொண்டுவரலாம். மிச்ச ஈரத்தை அந்தக் காற்று எங்கிருந்து எடுக்கும்? தோலிலிருந்து, மரத்திலிருந்து, வில்லின் மயிரிலிருந்து. சென்னையின் புழுக்கத்தில் மூட்டிய தோல் இங்கே ஒரே மாலையில் காய்ந்து இறுகுகிறது. பிரடை மெலிந்து துளையில் வழுக்குகிறது. நீங்கள் எழுதிய இரண்டு கோளாறுக்கும் காரணம் ஒன்றுதான்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது சின்ன ஈரப்பதமானிகள், பெட்டிக்கு ஒன்று. சாதாரண டிஜிற்றல் வகையே போதும். 45 முதல் 50 வரை இருந்தால் நிம்மதி. 40க்குக் கீழே போனால் கவனம். அறையில் 30க்குக் கீழே என்றால் வாசிக்காத நேரம் முழுக்க வாத்தியம் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். கிற்றார் தானாகவே அறிகுறி காட்டும்: கழுத்தின் ஓரத்தைத் தடவினால் பிரெற் கம்பிகளின் முனைகள் கையைக் கீறும், மேற்பலகை உள்வாங்கித் தந்தி தாழும், கம்பி உரசி இரையும். அதையும் தாண்டினால் பலகை வெடிக்கும்.

பெட்டிக்குள் ஈரம் வைக்க 49 சதவீதத்தில் நிற்கும் இருவழிப் பைகள் கடையில் உண்டு. ஈரம் குறைந்தால் கொடுக்கும், கூடினால் எடுக்கும். கிற்றாருக்கு மூன்று வேண்டும்: ஒலித்துளைக்குள் இரண்டு, கழுத்தின் தலைப்பக்கம் ஒன்று. காசு இல்லையென்றால் பயணச் சவர்க்காரப் பெட்டிகளில் ஏழெட்டுத் துளை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பொஞ்சை உள்ளே வையுங்கள். கவிழ்த்துப் பார்த்தால் ஒரு சொட்டும் விழக்கூடாது. கிற்றார் பெட்டியில் உடல் பக்கம் ஒன்று, தலைப்பக்கம் ஒன்று. வயலின் பெட்டியில் ஒன்று. தினமும் காலையில் நனையுங்கள். ஒன்பது நாள் சுற்றில் மூன்றாம் நாளே மறந்துபோகிற வேலை இதுதான், ஆகவே ஒருவர் பொறுப்பில் விடுங்கள்.

மிருதங்கத்துக்கு அளவு வேறு. உறையோடு பெரிய பிளாஸ்ரிக் பையில் போட்டு ஒரு சவர்க்காரப் பெட்டியைச் சேர்த்துக் கட்டலாம், ஆனால் அது தோலில் படக்கூடாது. ஒவ்வொரு நாளும் திறந்து பாருங்கள். 60க்கு மேலே ஏறினால் தோல் தளரும், பூஞ்சணமும் பிடிக்கும். மழைக்காலத்தில் தளர்ந்த தோலுக்குச் சூடு காட்டுகிற பழக்கம் உங்கள் மிருதங்கக்காரருக்கு இருந்தால் அதை ஊரோடு விட்டுவிடச் சொல்லுங்கள். இங்கே நோய் நேர்மாறானது. மண்டபத்தில் சுவரோரம் போகும் ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தால் வலந்தலையின் (வலது முகத்தின்) நடுவில் இருக்கும் கறுப்புப் பூச்சான சோறு விளிம்பில் கிளம்பி உதிரும். சோற்றைப் புதுப்பிக்கத் தெரிந்த கை ஒட்டாவாவில் கிடைப்பது அருமை.

தொப்பியில், அதாவது இடது முகத்தில், பிசைந்த ரவையை அப்பும் நேரத்தையும் மாற்ற வேண்டும். வழக்கம்போல அரை மணித்தியாலம் முன்னே போட்டால் முதல் பாட்டு முடியும்போதே காய்ந்து, கும்கி என்ற அடிநாதம் மொட்டையாகிவிடும். தொப்பித் தோலை ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து ஊறவிட்டு, ரவையை வழமையைவிட இளக்கமாகப் பிசைந்து, மேடைக்கு ஏறுவதற்குச் சற்று முன் போடுங்கள். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் இருக்கட்டும். பாட்டுகளுக்கு இடையே விரலால் தொட்டு வைத்தால் தாங்கும். வலந்தலைச் சோற்றில் மட்டும் தண்ணீர் படவே கூடாது. நிகழ்ச்சி முடிந்த கையோடு ரவையை வழித்துத் துடைத்துவிடுங்கள். காய்ந்த ரவையைச் சுரண்டப் போய்த் தோலைக் கீறியவர்கள் நிறையப் பேர்.

சுருதி எப்படியும் ஏறத்தான் போகிறது, ஆகவே கொஞ்சம் தாழ்வாக வைத்துத் தொடங்குங்கள். இடைவேளையில் வலந்தலை விளிம்பின் தோல் பின்னலைக் கீழிருந்து மேலே தட்டி இறக்க நேரம் வையுங்கள். நட்டு போல்ற் வைத்த மிருதங்கம் ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்க முடிந்தால் இந்தச் சுற்றுக்கு அதுதான் உத்தமம். செயற்கைத் தோல் போட்டதும் விற்பனையில் இருக்கிறது. நாதத்தைப் பற்றி வாதாடலாம்; காய்ந்து ஏறாது என்பதில் வாதமில்லை.

வயலின்காரருக்கு ஒரு எச்சரிக்கை. நாலு பிரடையும் ஒன்றாகக் கழன்றால் தந்தி மட்டும் தொங்காது. உள்ளே மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே நிற்கும் சின்னக் குச்சி ஒட்டப்பட்டதில்லை. தந்தி அழுத்தத்தில்தான் நிற்கிறது. நம் சுருதியில் தந்தி ஏற்கெனவே தளர்வு. அழுத்தம் போனால் குச்சி சாயும், அதைக் கடைக்காரர்தான் நிமிர்த்த முடியும். அப்படிச் சாய்ந்திருந்தால் அதே நிலையில் தந்தியை முறுக்கினால் மேற்பலகை அமுங்கி வெடிக்கும். எஃப் துளைக்குள் வெளிச்சம் அடித்துக் குச்சி நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முறுக்க வேண்டும். புறப்படுமுன் பிரடைகளுக்கென்றே விற்கிற பசையைப் போடுங்கள் (ஒட்டுகிற பசை அல்ல), இல்லாவிட்டால் சோக்கட்டியைத் தடவுங்கள். முறுக்கும்போது உள்ளே தள்ளியபடியே முறுக்க வேண்டும். வில்லை வழமையைவிடக் கூடுதலாகத் தளர்த்தி வையுங்கள். காய்ந்த மயிர் தானாகச் சுருங்கி வில்லை வளைக்கும்.

இரவில் வானில் விடலாமா? கேபிள், ஸ்ரான்ட் தவிர எதையும் விட வேண்டாம். கேபிளைக்கூட மைனஸ் 20இல் உடனே விரிக்காதீர்கள், உறை விறைத்து வெடிக்கும். திருட்டு ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், உறைந்த வாத்தியத்தைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோய்த் திறப்பது. வார்னிஷ் மயிரிழையாக வெடிக்கும். கீபோட்டுக்குள் நீர் கோர்க்கும், அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் உள்ளே உள்ள மின்சுற்றுப் பலகை போய்விடும். ஆகவே மண்டபத்துக்குள் பெட்டியை மூடியபடி வைத்து, வெளிப்பக்கம் கையில் குளிராதவரை திறக்கக்கூடாது. வயலினுக்கு ஒரு மணித்தியாலம், கிற்றாருக்கும் கீபோட்டுக்கும் இரண்டு என்று வையுங்கள். ஏழு மணி நிகழ்ச்சிக்கு நாலு மணிக்கே போய்ச் சேர வேண்டும் என்றாகிறது. ஏற்பாட்டாளரிடம் நாலு மணிக்குக் கதவு திறக்கும் என்பதை இப்போதே எழுத்தில் வாங்குங்கள். காசு செலவில்லாத பாதுகாப்பு அது ஒன்றுதான், பலர் விடுவதும் அதைத்தான்.

லித்தியம் பெற்றறி எதையும் பூச்சியப் பாகைக்குக் கீழே சார்ஜ் செய்யாதீர்கள், பழுதாகும். வாத்தியத்தின் ஒலியை ஸ்பீக்கருக்கு எடுத்துக் கொடுக்கும் பிக்கப்பின் 9 வோல்ற் பெற்றறி சட்டைப் பையில் வரட்டும். வயலினில் ஒட்டுகிற பிக்கப்பின் பசை குளிரில் விடும், புதுப் பசை கொஞ்சம் கொண்டுபோங்கள். ஒரு நல்ல ஜமக்காளமும் அவசியம்: சீமெந்துத் தரையில் ஒன்றரை மணித்தியாலம் இருந்தால் முதலில் விறைப்பது விரல் இல்லை, இடுப்பு. உப்புத் தண்ணீர் ஊறிய சப்பாத்தோடு அதில் யாரும் ஏறவிடாதீர்கள்.

இனி வான். காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் ரயர். கியூபெக்கில் பதிவான வாகனங்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால ரயர் கட்டாயம். ஒன்ராறியோ வாகனத்துக்கு அந்தச் சட்டம் இல்லை, அதனாலேயே ரொறன்ரோவில் வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் எல்லாப் பருவ ரயரோடு வரும். 7 பாகைக்குக் கீழே அந்த ரப்பர் இறுகிப் பிடிப்பை இழக்கிறது. பதிவு செய்யும்போதே கேளுங்கள். வண்டியை எடுக்கும்போது ரயரின் பக்கவாட்டில் மூன்று சிகர மலைக்குள் பனிப்பூ வரைந்த குளிர்கால ரயர் முத்திரை இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் இருந்தால் போதாது. வெப்பநிலை 10 பாகை இறங்கினால் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2 பிஎஸ்ஐ குறையும், ஆகவே வெளியே நின்று குளிர்ந்த ரயரில் அளந்து நிரப்புங்கள். இருவர் பெயரை ஓட்டுநராகப் பதியுங்கள். 25 வயதுக்குக் கீழே என்றால் மேலதிகக் கட்டணம் இருக்கலாம், அதையும் கணக்கில் எடுங்கள்.

பின் இருக்கையை மடித்து வாத்தியங்களை உள்ளேயே ஏற்றுங்கள், கூரைப் பெட்டியில் வேண்டாம். ஹீற்றர் வாய் எந்தப் பெட்டியையும் பார்த்து ஊதக்கூடாது. மைனஸ் 40 வரை தாங்கும் கண்ணாடி கழுவும் திரவம் இரண்டு கலன், மண்வாரி, பூஸ்ரர் கேபிள், சக்கரம் வழுக்கினால் கீழே கொட்டப் பூனைக்குப் போடும் மணல் ஒரு பை, ஆளுக்கொரு போர்வை. பெற்றோல் பாதித் தொட்டிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். வழியில் பனிக்குள் மாட்டினால் வண்டியை விட்டு இறங்கி நடக்கக்கூடாது. புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை வாரிவிட்டு, மணித்தியாலத்துக்குப் பத்து நிமிடம் மட்டும் எஞ்சினை ஓட்டி, ஒரு யன்னலைச் சற்றுத் திறந்து வையுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மொனொக்சைட் உள்ளே வரும், அதற்கு மணமே கிடையாது.

நகரங்களில் பணத்தைத் தின்பது வண்டி நிறுத்தம். மொன்றியலில் பனி அள்ளும் நாளில் தெருவில் செம்மஞ்சள் தடைப் பலகை நடுவார்கள், சைரன் கேட்டால் இழுத்துக்கொண்டு போக வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். கியூபெக் நகரத்தில் கம்பங்களில் விளக்கு மின்னினால் அன்றிரவு தெருவில் நிறுத்தக்கூடாது. ஒட்டாவாவிலும் பனி கொட்டும் இரவுகளில் தடை அறிவிப்பார்கள். தண்டம் ஒன்று கட்டினால் ஒரு நிகழ்ச்சியின் வசூல் போச்சு, தரிப்பிடம் உள்ள தங்குமிடமே மலிவு. இன்னொன்று, மொன்றியல் தீவில் சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்பக்கூடாது. ரொறன்ரோக் கை தன்னாலே திரும்பிவிடும்.

மிச்சம் பிடிக்கக்கூடியது தங்குவதிலும் சாப்பாட்டிலும். ஒட்டாவாவிலும் மொன்றியலிலும் சொந்தக்காரர் வீடு கிடைத்தால் வாத்தியங்களை பேஸ்மென்றில் வையுங்கள், மேல் அறைகளைவிட அங்கே ஈரம் சற்றுக் கூடுதலாக நிற்கும். ஆனால் ஃபர்னஸ் அறைப் பக்கம் வேண்டாம். விடுதி என்றால் நாலு பேருக்கு ஒரு சமையலறை வைத்த அறை, ஒரு ரைஸ் குக்கர். சோறும் வேகும், அறைக்கு நீராவியும் கிடைக்கும். படுக்குமுன் ஒரு குளியல் துவாயை நனைத்துப் பிழிந்து தொங்கவிடுங்கள். காலையில் அது எலும்பாகக் காய்ந்திருப்பதைப் பார்த்தாலே மேலே நான் சொன்ன கணக்கு விளங்கும்.

உங்கள் நிரலில் எனக்குப் பிடிக்காதது ஒன்று. ஐந்து நிகழ்ச்சிக்கு ஒன்பது நாள் சரி, ஆனால் வெற்று நாள் எங்கே விழுகிறது என்று எழுதவில்லை. கிங்ஸ்ரன் 260 கிலோமீட்டர், அங்கிருந்து ஒட்டாவா 200, ஒட்டாவா மொன்றியல் 200, மொன்றியல் கியூபெக் 250. எதுவும் பயமில்லை. ஆனால் கியூபெக்கிலிருந்து ரொறன்ரோ 800. நிகழ்ச்சி முடிந்த அடுத்த காலை அதை ஒரே மூச்சில் ஓட்ட நினைக்காதீர்கள். மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். கிங்ஸ்ரனில் ஒரு இரவு தங்குங்கள். இன்னொரு வெற்று நாளை மொன்றியலுக்கும் கியூபெக்குக்கும் இடையில் வையுங்கள். ஒவ்வொரு காலையும் ஒன்ராறியோ 511, கியூபெக் 511 என்ற வீதி நிலவரச் சேவைகள் இரண்டையும் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். நெடுஞ்சாலை மூடப்பட்டால் நிகழ்ச்சி இன்னொரு நாளுக்குத் தள்ளிப்போகும், முன்பணம் திரும்பக் கேட்கப்படாது என்று ஏற்பாட்டாளர்களுடன் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வாசல் வசூல் இடங்களில் முன்பணம் இருக்காது, அதனால் பனி வந்தால் முதலில் கைவிட வேண்டியவை அவைதான்.

வீடு வந்து சேர்ந்த இரவு ஆசையாய்ப் பெட்டிகளைத் திறக்க வேண்டாம். மூடியபடி கிடக்கட்டும், காலையில் திறக்கலாம்.

அன்புடன்.