போன், டேட்டா, பவர் பேங்க்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடத்தில் இறுதி வருடம் படிக்கிறேன். ஊர் முள்ளியவளைப் பக்கம். லீவு நாட்களில் சித்தப்பாவின் போன் திருத்தும் கடையில் இருப்பதால், ஊரில் யாருடைய போன் சுகமில்லாமல் போனாலும் என்னிடம்தான் வருகிறது. இன்று பின்னேரம் வேலை இல்லை, கேளுங்கள். ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன்: உங்கள் கணக்கைச் சரிபார்க்க உங்கள் போனுக்கு வரும் ஆறு இலக்கத்தை யாருக்கும் சொல்லக்கூடாது. இதை இன்னும் நாலைந்து தடவை சொல்வேன், கோபிக்காதீர்கள்.

மல்லாவி, உயர்தர மாணவி: அக்கா, வீட்டுக்குள் சிக்னல் ஒரு கோடுதான். படலையடிக்குப் போனால் மூன்று கோடு. போன் பழுதா?

போன் பழுதில்லை தங்கச்சி, உங்கள் வீட்டுக்குத் தகரக் கூரையாக இருக்கும். தகரம் அலைகளைத் திருப்பி அடித்துவிடும். ஓட்டு வீட்டில் இவ்வளவு மோசமாக இராது. டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் ஒரு பழைய போனை வைத்து, அதில் ஹொட்ஸ்பொட் போட்டுவிட்டு உள்ளே இருந்து படியுங்கள். ஹொட்ஸ்பொட்டில் 2.4, 5 என்று இரண்டு கேட்டால் 2.4 கிகாஹேர்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள், அதுதான் சுவர் தாண்டும். மழை நாளில் காட்டுப் பக்கம் சிக்னல் குறைவதும் உண்மைதான், நனைந்த இலை அலையைக் குடித்துவிடும். குளக்கட்டில் ஏறினால் நன்றாக வருகிறதே என்று நேற்று ஒரு தம்பி கேட்டான். உயரம், நடுவில் மரமில்லை, அவ்வளவுதான். அதற்காக இரவில் குளக்கட்டுக்குப் போகாதீர்கள், பாம்புக்கு சூம் வகுப்பு தெரியாது.

விசுவமடு, மாணவன்: சூம் வகுப்பு சரியாக 40 நிமிடத்தில் அறுபடுகிறது. சிம்மை மாற்றவா?

வேண்டாம். உங்கள் சேர் வைத்திருப்பது இலவசக் கணக்கு, அதற்கு 40 நிமிடம்தான். இரண்டாவது லிங்கை முன்கூட்டியே அனுப்பச் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான்: 30 ஆயிரத்துக்குள் எந்தப் போன் வாங்கலாம்?

விலை வாரத்துக்கு வாரம் மாறுகிறது, நான் சொல்லி நீங்கள் வாங்கி, பிறகு என்னைத் திட்டுவீர்கள். எந்தப் போன் என்றாலும் *#06# அழுத்துங்கள். 15 இலக்கம் வரும், அதுதான் ஐ.எம்.ஈ.ஐ., அந்தப் போனின் அடையாள இலக்கம். பெட்டியில் இருக்கும் இலக்கமும் அதுவும் ஒன்றா என்று பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் ஐ.எம்.ஈ.ஐ. என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, அந்த இலக்கத்தை 1909க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் தொலைத்தொடர்பு ஆணைக்குழுவில் பதிந்த போனா என்று பதில் வரும். என்னுடைய முதல் போனை ஒரு கடையில் பழையதாக வாங்கினேன். பெட்டி ஒரு போனுடையது, உள்ளே இருந்தது வேறு போன். காசு கொடுத்து நாலாம் நாள்தான் தெரிந்தது. கடைக்காரர் "பெட்டியிலயா பிள்ளை கதைக்கப் போறீர்?" என்று கேட்டார்.

புதுக்குடியிருப்பு, ஒரு ஐயா: பிள்ளை, போர் நேரம் பொருட்களுக்குத் தடை இருந்த காலத்தில் பற்றரி கிடைக்காமல் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்டோம். அதே டைனமோவில் இந்தப் போனைச் சார்ஜ் பண்ணலாமோ?

ஐயா, இன்று வந்ததில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். பண்ணலாம். ஆனால் நேரே வயரைக் கொடுத்துவிடாதீர்கள். பழைய சைக்கிள் டைனமோ 6 வோல்ட், 3 வாட். அதில் வருவது ஆடலோட்டம், போனுக்கு வேண்டியது 5 வோல்ட் நேரோட்டம். நடுவில் நாலு டையோடு, ஒரு கொள்ளளவி, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறிய சுற்று வேண்டும். இல்லாவிட்டால் வேகமாகச் சுற்றும்போது வோல்ட் ஏறி, போன் போய்விடும்.

இனிக் கணக்கு. இன்றைய போனில் 5000 மில்லி அம்பியர் மணி பற்றரி. அதை 3.85 வோல்ட்டால் பெருக்கினால் ஏறத்தாழ 19 வாட் மணி. டைனமோவின் 3 வாட்டில் சுற்றுக்குள் போகும் நட்டத்தைக் கழித்தால் 2 வாட் மிஞ்சினாலே பெரிது. ஆக ஒன்பது, பத்து மணி நேரம் மிதிக்க வேண்டும். அந்த மிதிக்குக் கிளிநொச்சியிலிருந்து ஏ9 வீதியால் வவுனியா போய்த் திரும்பியும் வந்துவிடலாம். ரேடியோவுக்குப் போதுமானது போனுக்குப் போதாமல் இருப்பது இதனால்தான். ரேடியோ காதால் மட்டும் வேலை வாங்கியது, போன் திரைக்கே பாதியைத் தின்கிறது. என்னுடைய அப்பாவும் இதே கதை சொல்வார். செய்தி தொடங்கினால் பெடல் சுற்றும் முறை எப்போதும் தனக்குத்தான் வந்தது என்பது அவருடைய முறைப்பாடு.

மாங்குளம்: 10000 பவர் பேங்க் வாங்கினேன். 5000 போனை இரண்டு தடவை ஏற்ற வேண்டும்தானே? ஒன்றரையோடு நிற்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. மேலே ஐயாவுக்குச் சொன்ன கணக்கைப் பாருங்கள். உங்கள் 10000 என்பது உள்ளே 3.7 வோல்ட்டில், அதாவது 37 வாட் மணி. அதை 5 வோல்ட்டுக்கு ஏற்றி, போன் திரும்ப இறக்கும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடும். ஒன்றரை தடவை வந்தால் நல்ல சாமான். தலையணைக்குக் கீழே வைத்துச் சார்ஜ் போடாதீர்கள்.

நெடுங்கேணி, தரம் 12: 30 ஆயிரத்துக்குள் நல்ல போன்?

மேலே.

முல்லைத்தீவு, மாணவி: தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஏன் கூடுதலாகக் காசு வெட்டுகிறது?

ஒரு எஸ்.எம்.எஸ்.க்குள் 140 பைட் இடம்தான், ஒரு பைட் என்றால் 8 பிட். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட், அதனால் 160 எழுத்துப் போகும். தமிழ் போவது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி இலக்கம் கொடுக்கும் யுனிகோட் முறையில், அதில் ஒன்றுக்கு 16 பிட், அதனால் 70தான். அதிலும் நாம் எண்ணுவது போலப் போன் எண்ணுவதில்லை. "அம்மா பஸ் ஏறிட்டேன்" என்பது கண்ணுக்குப் பத்து எழுத்து. போனுக்கு ம் என்றால் ம ஒன்று, புள்ளி ஒன்று. மா என்றால் ம ஒன்று, அரவு ஒன்று. இடைவெளி இரண்டையும் சேர்த்தால் 19. 70ஐத் தாண்டினால் இரண்டு மெசேஜாகும், அப்போது ஒவ்வொன்றிலும் 67தான். முழு ஆங்கில மெசேஜில் ஒரே ஒரு தமிழ் எழுத்துப் போட்டாலும் முழுவதும் 70 கணக்குக்கு மாறிவிடும்.

ஓர் ஆசிரியர்: இந்தக் கரைச்சல் எல்லாம் யுனிகோட்டால் வந்தது. பழைய பாமினி எழுத்துருவில் ஒரு விசை அடிக்கு ஒரு பைட். 20 வருட வினாத்தாள்கள் என்னிடம் பாமினியில் இருக்கின்றன. பிள்ளைகள் "போனில் திறந்தால் ஆங்கிலமாக வருகிறது சேர்" என்கிறார்கள். போனைத் திருத்த வேண்டுமா, நானா?

சேர், மன்னிக்க வேண்டும், திருத்த வேண்டியது கோப்பை. பாமினியில் தமிழே இல்லை. நீங்கள் "அம்மா" என்று அடிக்கும்போது கணினிக்குள் போவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி எழுத்துரு அதற்குத் தமிழ்ச் சட்டை போட்டுக் காட்டுகிறது. பிள்ளையின் போனில் அந்தச் சட்டை இல்லை. தமிழ் யுனிகோட்டுக்குள் வந்தது 1991இல், சேர்.

வவுனியா, அச்சகம்: தங்கச்சி, பேசுவது சுலபம். நாங்கள் பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளில் யுனிகோட் தமிழ் கட்டம் கட்டமாக வரும். பாமினி இல்லாவிட்டால் கலியாணக் கார்ட் இல்லை.

அண்ணா சொல்வது நியாயம். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, அதற்கு யுனிகோட் தமிழ் தெரியாது. அச்சுக்குப் பாமினி இருக்கட்டும். கலியாணக் கார்டில் யாரும் சொல் தேடப் போவதில்லை. நான் சொல்வது பிள்ளைகளுக்கு அனுப்பும் கோப்பை.

ஆசிரியர்: தேடினால் என்ன, தேடாவிட்டால் என்ன? வினாத்தாள் வாசிக்கத்தானே?

கிளிநொச்சி, மாணவன்: சேர், எனக்குக் கண் பார்வை இல்லை. போன் எனக்கு வாசித்துக் காட்டும். யுனிகோட் என்றால் தமிழ் கேட்கும். பாமினித் தாளைத் திறந்தால் எம், கே, எம், கே என்று ஆங்கில எழுத்தாகத்தான் சொல்கிறது. தம்பிதான் இருந்து வாசித்துத் தருகிறவன்.

தம்பி, இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை.

முழங்காவில்: அக்கா, 30 ஆயிரத்துக்கு…

மேலே, மேலே.

பரந்தன்: அம்மாவின் வாட்ஸ்அப்பிலிருந்து சொந்தக்காரரிடம் எல்லாம் காசு கேட்டு மெசேஜ் போகிறது!

ஆறு இலக்கத்தை யாருக்கோ சொல்லியிருக்கிறா. "தவறுதலாக உங்கள் நம்பருக்கு வந்துவிட்டது, பார்த்துச் சொல்லுங்கோ" என்று தெரிந்த ஆளின் கணக்கிலிருந்தே கேட்டிருப்பார்கள். உடனே அம்மாவின் போனில் வாட்ஸ்அப்பை அதே நம்பரில் திரும்பப் பதியுங்கள். புதிய ஆறு இலக்கம் வரும், அதைப் போட்டதும் மற்றவன் வெளியேறிவிடுவான். அவன் இரகசிய இலக்கம் (பின் நம்பர்) வைத்துப் பூட்டியிருந்தால் ஏழு நாள் பொறுக்க வேண்டும். சொந்தக்காரருக்குப் போன் எடுத்துச் சொல்லுங்கள், மெசேஜ் போடாதீர்கள். இலங்கை சேர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தை 101இலும் அழைக்கலாம். கணக்குத் திரும்பியதும் நீங்களும் அப்படியொரு இரகசிய இலக்கத்தை, அதாவது இரட்டைச் சரிபார்ப்பை, போட்டுவிடுங்கள். ஆறு இலக்கம், ஆறு இலக்கம், ஆறு இலக்கம்!

துணுக்காய்: ஈழத்துப் பழைய சஞ்சிகைகள் இணையத்தில் எங்கே?

நூலகம் இணையத்தளம். 2005இலிருந்து இருக்கிறது, இலவசம். பெரிய கோப்புகளை இரவில் இறக்குங்கள்.

ஆசிரியர்: சரி பிள்ளை. 20 வருடத்தைத் திரும்ப அடிக்க எனக்கு ஆயுள் போதாது. வழி சொல்லும்.

திரும்ப அடிக்கத் தேவையில்லை சேர். பாமினியை யுனிகோட்டாக மாற்றும் கருவிகள் இலவசமாக இருக்கின்றன, ஒட்டினால் மாற்றித் தரும். இனி அடிப்பதற்கு இ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைக் கணினியில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் பாமினி விசைமுறையே இருக்கிறது, விரல் பழகியபடி அடிக்கலாம், உள்ளே யுனிகோட்டாக விழும். மாற்றிய தாளை ஒரு தடவை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

ஆசிரியர்: ஒன்றை மாற்றி அனுப்பியிருக்கிறேன், பாரும்.

திறந்தது சேர், போனிலேயே திறந்தது. மூன்றாம் வினாவில் மட்டும் "பொருளின் திணிவு 5 மப" என்று நிற்கிறது. கருவி உங்கள் ஆங்கிலக் கே, ஜியையும் பாமினி என்று நினைத்து ம, ப ஆக்கிவிட்டது. கிலோகிராம் என்று தமிழிலேயே எழுதிவிடுங்கள்.